கதவுக்கு வெளியே நின்ற தாய்மார்கள்

1950கள் வரைக்கும் அயர்லாந்தின் கத்தோலிக்கக் கோயில்களில் நடந்த ஞானஸ்நானங்களில் பெரும்பாலும் ஒருத்தி மட்டும் இருக்கமாட்டாள். பிள்ளையைப் பெற்றவள். பிறந்து சில நாள்கூட ஆகாத சிசுவைத் துணியில் சுற்றி ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள்; தகப்பன் கூடப் போவதும் உண்டு. பங்குச் சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, பதிவேட்டில் எழுதுவார். பெற்றவள் வீட்டில் கட்டிலில் கிடப்பாள். தன் பிள்ளைக்கு நடந்த முதல் சடங்கு எப்படி நடந்தது என்பதைத் திரும்பி வந்தவர்கள் சொல்லித்தான் அவள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று பயம்: ஞானஸ்நானம் பெறாமல் குழந்தை இறந்துவிட்டால் அதற்கு மோட்சம் இல்லை என்ற பயம். அதனால் தாய் எழுந்து நடமாடும்வரை யாரும் காத்திருக்கவில்லை. இன்னொன்று, பிள்ளை பெற்றவள் சாமியாரிடம் ஆசீர் வாங்காமல் கோயிலுக்குள் வரக்கூடாது என்ற வழக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல தலைமுறை ஐரிஷ் தாய்மார்களின் குற்ற உணர்ச்சி வளர்ந்தது. அவர்கள் செய்த பாவம் எதுவும் அதற்குக் காரணம் இல்லை. பிள்ளை பெற்றதுதான் காரணம்.

அந்த ஆசீர்ச் சடங்குக்கு 1614ஆம் ஆண்டு வெளியான உரோமைச் சடங்குநூலில் தனி முறை உண்டு. பிரசவம் முடிந்து சில வாரம் கழித்து அவள் கோயில் வாசலுக்கு வந்து, எரியும் மெழுகுத்திரியைக் கையில் பிடித்துக்கொண்டு முழந்தாளிடுவாள். உள்ளே போகமாட்டாள். ஸ்டோல் என்ற வெள்ளைத் தோள்துணி அணிந்த சாமியார் வெளியே வந்து அவள்மேல் தீர்த்தம் தெளிப்பார். சங்கீதம் ஒன்றைச் சொல்வார். பிறகு தன் தோளிலிருந்து தொங்கும் ஸ்டோலின் இடது முனையை நீட்டுவார். அதைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே அவள் பீடத்தருகே போய் மறுபடி முழந்தாளிட வேண்டும். பெரும்பாலும் ஆளில்லாத நேரத்தில், பூசை முடிந்த பிறகு, ஐந்து நிமிடத்தில் இது முடிந்துவிடும்.

சடங்குநூலில் உள்ள செபங்களைப் படித்தால் தீட்டு என்ற பேச்சே இல்லை. பிரசவ வேதனையை மகிழ்ச்சியாக மாற்றித் தந்த கடவுளுக்கு நன்றி, தாயும் பிள்ளையும் நித்திய வாழ்வு அடையட்டும் என்ற வேண்டுதல், அவ்வளவுதான். இது கட்டளை அல்ல, போற்றத்தக்க பக்தி வழக்கம் என்றுதான் திருச்சபையின் விளக்கமும் சொன்னது. அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட மறைப்பணியாளர் அகுஸ்தீன் இதே சந்தேகத்தைக் கேட்டு எழுதியபோது, பாப்பரசர் முதலாம் கிரகோரியார் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறார்: பிள்ளை பெற்ற அதே மணி நேரத்தில் ஒரு பெண் நன்றி சொல்லக் கோயிலுக்குள் போனாலும் அவள்மேல் பாவம் இல்லை. பீட் என்ற துறவி எழுதிய வரலாற்று நூலில் இந்தப் பதில் பதிவாகியிருக்கிறது.

ஆனால் நூலில் இருந்தது வேறு, தாயின் தலையில் இறங்கியது வேறு. லேவியர் புத்தகத்தின் பழைய தீட்டுக் கணக்கு, ஆண் பிள்ளைக்கு 40 நாள், பெண் பிள்ளைக்கு 80 நாள், மக்கள் மனதை விட்டுப் போகவே இல்லை. பிப்ரவரி 2ஆம் தேதி மாதா தன் சுத்திகரிப்புக்காகக் கோயிலுக்குப் போனதை ஆண்டுதோறும் மெழுகுத்திரி ஏந்திக் கொண்டாடும்போது, மாதாவுக்கே தேவைப்பட்டது தனக்குத் தேவையில்லையா என்று எந்தத் தாயும் நினைப்பாள். ஆசீர் வாங்காதவள் சமைத்ததைச் சாப்பிடக்கூடாது, அவள் அடுத்த வீட்டு வாசல் மிதித்தால் ஆகாது என்ற பேச்சுகள் கிராமங்களில் இருந்தன. பிள்ளைப்பேற்றுத் தீட்டை அறிந்த தமிழ் வீடுகளுக்கு இந்தப் பேச்சு அந்நியமாகத் தோன்றாது. பிற்காலத்தில் தங்கள் அனுபவத்தைப் பதிவு செய்த ஐரிஷ் பெண்கள் பலர், தங்களைக் கழுவித் துடைத்து உள்ளே விட்டதைப் போல இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். நன்றிச் செபம் இலத்தீனில் ஓடியது; அது நன்றிதான் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதற்கு மேலாக, முறையான திருமணத்தில் பிள்ளை பெற்றவளுக்கு மட்டுமே இந்த ஆசீர் உரியது என்று 19ஆம் நூற்றாண்டில் உரோமை முடிவு சொன்னது. திருமணமாகாமல் தாயானவள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இறந்து பிறந்த குழந்தையின் கதை இதைவிடக் கொடுமை.

அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் கால்வே, மேயோ, கெர்ரி மாவட்டங்களில் நடந்தால் இடிந்த பழைய கோயில்களின் ஓரத்திலும், கடற்கரை மேட்டிலும், வயல் எல்லைகளிலும், முள்மரங்களின் அடியிலும் பெயர் பொறிக்காத சின்னக் கற்கள் மண்ணில் செருகியிருப்பதைக் காணலாம். சில இடங்களில் வெண்கூழாங்கற்கள் பரப்பியிருக்கும். இவற்றுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் கில்லீன். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளைப் புதைத்த இடம். நாடு முழுக்க 1,400க்கும் மேற்பட்ட கில்லீன்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. சில இடங்களில் அடையாளம் தெரியாமல் கரை ஒதுங்கிய சடலங்களும், தற்கொலை செய்துகொண்டவர்களும் அந்தக் குழந்தைகளின் பக்கத்திலேயே கிடக்கிறார்கள்.

புதைக்கும் முறைக்கு எழுதப்பட்ட சடங்கு எதுவும் இல்லை. இருட்டிய பிறகு அல்லது விடிவதற்கு முன்பு, தகப்பனோ அவன் அண்ணன் தம்பியோ கையில் கிடைத்த சின்ன மரப்பெட்டியில் குழந்தையை வைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவான். சாமியார் வரமாட்டார். மணி அடிக்காது. தாயும் வரமாட்டாள்; அவள் இன்னும் படுக்கையில் இருப்பாள். எங்கே புதைத்தார்கள் என்பதே தெரியாமல் பல தாய்மார்கள் வாழ்ந்து முடித்தார்கள். தெரிந்தவர்களும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேசவில்லை என்பதால் அவர்களுக்குத் துக்கமில்லை என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர் ஐலீன் மர்ஃபி 2011ல் இதை மறுத்து எழுதினார். குழந்தைகளைக் கிடத்திய விதம், சுற்றி அடுக்கிய கற்கள், பழைய புனித இடங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, இவையெல்லாம் பெற்றோரின் அன்பையே காட்டுகின்றன என்பது அவர் வாதம். அது சரியென்றே படுகிறது. அர்ச்சிக்கப்பட்ட மயானம் கிடையாது என்று சொல்லப்பட்டவர்கள், ஒரு காலத்தில் துறவிகள் செபித்த மண்ணைத் தேடிப்போய்த் தங்கள் பிள்ளையை வைத்திருக்கிறார்கள். சட்டம் மறுத்ததை அவர்கள் மனசாட்சி தன்னால் முடிந்த அளவு திருப்பிக் கொடுத்திருக்கிறது. இந்த வழக்கம் மிகப் பழையது என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. மர்ஃபியும் அவருடைய சக ஆய்வாளர் கோல்ம் டானெலியும் இது பெருமளவுக்கு 17ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்க மறுமலர்ச்சி தன் விதிகளை இறுக்கிய காலத்தில் பரவியது என்று வாதிட்டார்கள்.

விதி என்ன? ஞானஸ்நானம் பெறாத சிசுக்களும் ஜென்மப் பாவத்தால் நரகத்துக்கே போகும், ஆனால் மிக மெல்லிய தண்டனைதான் என்றார் 5ஆம் நூற்றாண்டின் புனித அகுஸ்தீனார் (இங்கிலாந்து போனவர் வேறு). அதைத் தாங்க முடியாத இடைக்கால இறையியலாளர்கள் வேதனையும் இல்லாத, கடவுளின் தரிசனமும் இல்லாத லிம்போ என்ற இடத்தைக் கற்பித்தார்கள். அவர்கள் எண்ணியது இரக்கம். பிள்ளையை இழந்த தாய்க்கு அது என்ன ஆயிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்: தான் செத்து மோட்சம் போனாலும் அங்கே தன் பிள்ளை இருக்காது. நான் சீக்கிரம் ஆள் அனுப்பியிருக்கலாமே, மருத்துவச்சியிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கலாமே என்ற கேள்வி அவளைச் சாகும்வரை விடாது. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது மறைக்கல்வியில் எல்லாரும் படித்தது. அந்தச் சலுகையே அவள்மேல் பழியாகவும் விழுந்தது.

லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. ஆனால் 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்று சொல்லிற்று. சட்டத்தைப் பார்த்த மக்கள் லிம்போவைக் கோட்பாடாகவே எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969ல் வந்த புதிய அடக்கச் சடங்கு இப்படிப்பட்ட குழந்தைகளுக்கும் இடம் கொடுத்தது. அதே ஆண்டு வந்த புதிய ஞானஸ்நானச் சடங்கில் தாய்க்கான ஆசீரும் சேர்க்கப்பட்டது. வாசலில் முழந்தாளிடும் வழக்கம் மெல்ல மறைந்தது. 2007ல், பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசரின் ஒப்புதலோடு அனைத்துலக இறையியல் குழு வெளியிட்ட ஆவணம், இக்குழந்தைகள் மீட்பு அடைவார்கள் என்று நம்பத் தக்க காரணங்கள் உண்டு என்றது. அதற்குள் பெரும்பாலான அந்தத் தாய்மார்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்மைப் பத்தாண்டுகளில் பல ஊர்களில் கில்லீன்களைச் சுத்தம் செய்து, கல் நட்டு, சாமியாரை அழைத்து மந்திரிக்கச் செய்திருக்கிறார்கள்.

பிள்ளை பெறாமல் இருக்க நினைத்த தாயின் நிலைமை வேறு மாதிரி. இங்கே நூலே கடுமையாக இருந்தது. 1930 டிசம்பர் 31ல் பதினொன்றாம் பத்திநாதர் வெளியிட்ட திருமணம் பற்றிய சுற்றுமடல் கருத்தடையைக் கனமான பாவம் என்றது. பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியார்கள் இதில் விசுவாசிகளைத் தவறான எண்ணத்தில் விட்டுவிடக்கூடாது என்றும் எச்சரித்தது. 1935ல் ஐரிஷ் அரசு கருத்தடைச் சாதனங்களின் விற்பனையையும் இறக்குமதியையும் குற்றமாக்கியது. மரக்கிராதிக்கு அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் ஆறாவது பிள்ளையைச் சுமக்க உடம்பில் வலுவில்லாத ஒருத்தி. இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்லாவிட்டால் பாவமன்னிப்பு இல்லை. பாவமன்னிப்பு இல்லாவிட்டால் நற்கருணை இல்லை. அடிக்கடி நற்கருணை வாங்குவதை 1905ல் பத்தாம் பத்திநாதர் ஊக்குவித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை வரிசையில் எழுந்து போகாதவள் யார் என்பது கோயிலில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

1960களில் ஒரு வழி பிறந்தது. மாதவிடாயைச் சீராக்கும் மருந்து என்ற பெயரில் ஐரிஷ் மருத்துவர்கள் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். உரோமையும் ஆணையம் அமைத்து ஆலோசித்துக்கொண்டிருந்தது. அதில் இடம்பெற்ற சிகாகோ தம்பதி பேட்ரிக், பேட்ரிசியா கிரவுலி, பல நாட்டுக் கத்தோலிக்கத் தம்பதிகளிடம் கேட்டு வாங்கிய கடிதங்களை அங்கே முன்வைத்தார்கள். நாள் கணக்கிட்டுக் கர்ப்பத்தைத் தவிர்க்கும் முறையில் பக்தியுள்ள தாய்மார்கள் பட்ட அவதியை அந்தக் கடிதங்கள் சொல்லின. 1966ல் ஆணையத்தின் பெரும்பான்மை மாற்றத்தை ஆதரித்தது. 1968 ஜூலையில் ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் பழைய தடையையே உறுதி செய்தது.

கார்க் நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் குட் என்ற குருவானவர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். அவர் பிரசங்கம் செய்யவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் பெற்றிருந்த அதிகாரத்தை ஆயர் கார்னேலியஸ் லூசி பறித்தார். மனமிரங்கும் சாமியார் யார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அவர் இருக்கும் கோயிலைத் தேடிப்போன தாய்மார்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரிந்திருக்கும். 1971 மார்ச்சில் டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மெக்வைட், கருத்தடை உரிமை என்ற ஒன்று இருக்கவே முடியாது என்று மடல் எழுதிக் கோயில்களில் வாசிக்கச் செய்தார். அதே ஆண்டு மே 22ல் நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ரயிலேறி, ஐரிஷ் அரசின் தடை செல்லாத பெல்ஃபாஸ்டுக்குப் போய்க் கருத்தடைச் சாதனங்களை வாங்கி வந்து டப்ளின் சுங்க அதிகாரிகளின் முன்னால் தூக்கிக் காட்டினார்கள். மருந்துச்சீட்டு இல்லாமல் மாத்திரை கிடைக்காததால் சிலர் காட்டியது ஆஸ்பிரின். அதிகாரிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் சட்டத்தை அசைத்தவர் அந்த ரயிலில் போனவர்களில் ஒருவர் அல்ல. ஸ்கெரீஸ் என்ற கடலோர ஊரில் மீன்பிடித் தொழிலாளியின் மனைவி மேரி மெகீ. இழுவை வண்டி வீட்டில் குடும்பம். இரண்டு ஆண்டுக்குள் நான்கு குழந்தைகள், கடைசி இருவர் இரட்டையர். கர்ப்பத்தின்போது மூளையில் இரத்தம் உறைந்து ஒரு பக்கம் சிலகாலம் செயலிழந்திருந்தது. இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். அவர் எழுதிக் கொடுத்த கருத்தடைக் களிம்பை இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்தபோது சுங்கத்துறை பறிமுதல் செய்தது. மெகீ வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் தோற்று, 1973 டிசம்பர் 19ல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார். தம்பதியின் அந்தரங்க உரிமைதான் அவருக்கு வெற்றி தேடித் தந்தது. தன் மனசாட்சிப்படி நடக்கும் சுதந்திரம் மீறப்பட்டது என்றும் அவர் தரப்பு வாதிட்டிருந்தது. நீதிபதி பிரையன் வால்ஷ் அதை ஏற்கவில்லை. அரசியல் சட்டம் சொல்லும் மனசாட்சிச் சுதந்திரம் மத அனுசரிப்பைச் சார்ந்தது மட்டுமே என்றார்.

ஆறு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1979ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. நியாயமான குடும்பக் கட்டுப்பாட்டுக்காக என்று மருத்துவர் கருதிச் சீட்டு எழுதினால் மட்டுமே, ஆணுறையானாலும், மருந்துக்கடையில் வாங்கலாம். அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு மனசாட்சியின் பேரில் மறுக்கும் உரிமையைப் பற்றியது: சீட்டு எழுதவோ விற்கவோ யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் மனசாட்சி உண்டு என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. அவர்கள் எதிரே நின்று சீட்டுக் கேட்ட தாயின் மனசாட்சிக்கு அதில் ஒரு வரியும் இல்லை. ஆணுறைக்குச் சீட்டு வேண்டும் என்ற நிபந்தனையை நீக்க 1985 வரை ஆயிற்று. நாடாளுமன்றத்தின் கீழவையில் அது நிறைவேறியது 83க்கு 80 வாக்குகளில்.