முகக்கவச எதிர்ப்புச் சங்கம் (சான் பிரான்சிஸ்கோ)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோ நகரில், இன்புளூயன்சா என்னும் விஷஜுரம் உலகெங்கும் உயிர்களைக் கவர்ந்துகொண்டிருந்த காலத்தில், வெளியே நடமாடுவோர் யாவரும் வாயையும் மூக்கையும் சல்லாத் துணியால் மூடிக்கொள்ள வேண்டுமென்று நகரசபை இட்ட கட்டளையை எதிர்த்து, 1919 ஜனவரியில் தோன்றிய பொதுஜன ஸ்தாபனம். அதன் ஆயுள் சில வாரங்களே. ஆயினும், மூன்று மாதங்களுக்கு முன் உவந்து பணிந்த ஒரு நகரம் பின்னர் ஏன் பணிய மறுத்தது என்னும் கேள்விக்கு விடை தேடுவோர் இச்சங்கத்தின் வரலாற்றைப் புறக்கணிக்க இயலாது.

கொள்ளைநோய்க்கு எதிராக முகக்கவசத்தை முதன்முதலில் பெரிய அளவில் கையாண்டவர், பினாங்கில் பிறந்த சீன மருத்துவர் வூ லியன் தே. 1910-11-இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது அவர் கூறிய எச்சரிக்கையை ஏற்காமல், வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பரிசோதித்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெனி, சில நாட்களில் அதே நோய்க்கு இரையானார். மறுப்பு என்பது பாமர ஜனங்களிடத்தில் மட்டும் பிறப்பதன்று என்பதற்காகவே இச்செய்தியை இங்கே குறிக்க நேர்ந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் 1918 செப்டம்பர் இறுதியில் முதல் நோயாளி காணப்பட்டார். அக்டோபர் 18-இல் பள்ளிகளும் நாடகசாலைகளும் மூடப்பட்டன. அடுத்த வாரத்தில், சுகாதார அதிகாரி டாக்டர் வில்லியம் ஹாஸ்லரின் வேண்டுகோளின்படி, முகக்கவசச் சட்டத்தை நகரசபை ஏகமனதாக நிறைவேற்றியது. மீறியவர்களுக்கு 5 முதல் 100 டாலர் வரை அபராதமோ, பத்து நாள் வரை சிறைவாசமோ விதிக்கப்பட்டது. யுத்தம் முடிவுறாத அந்நாட்களில் முகக்கவசம் அணிவது தேசபக்தியின் அடையாளமாகவே கருதப்பட்டது. போர்க்களத்துக்குப் போகாமல் ஒளிந்துகொண்டவனை ஏசிய அதே சொல்லால், கவசம் அணியாதவனையும் பத்திரிகைகள் ஏசின. நவம்பர் 11-இல் சமாதானச் செய்தி எட்டியபோது, தெருக்களில் ஆடிப்பாடிய பல்லாயிரவர் முகத்தை மூடியபடியே கொண்டாடினர்.

ஆயினும் அப்பணிவின் அடியிலேயே பிளவு தொடங்கிவிட்டது. சல்லாத் துணி இந்நோயை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தடுக்கும் என்று செஞ்சிலுவைச் சங்கத்தின் விளம்பரம் உறுதி கூறியது; அவ்வுறுதிக்குத் தக்க ஆதாரம் அப்போது எவரிடத்தும் இல்லை. அக்டோபர் 28-இல் பவல் தெரு முனையில், கவசம் அணிய மறுத்த கொல்லர் ஒருவருக்கும் சுகாதாரப் பரிசோதகர் ஒருவருக்கும் மூண்ட தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. இவற்றையெல்லாம்விட ஜனங்களின் நம்பிக்கையை ஆழமாகப் புண்படுத்தியது, நவம்பரில் நடந்த குத்துச்சண்டைப் பந்தயம் ஒன்றில் மேயர் ஜேம்ஸ் ரால்பும் டாக்டர் ஹாஸ்லரும் கவசமின்றி அமர்ந்திருந்ததைக் காட்டிய புகைப்படம் என்றே சொல்லவேண்டும். மேயர் 50 டாலரும் ஹாஸ்லர் 5 டாலரும் அபராதம் செலுத்தினர். அபராதத்தால் கடன் தீர்ந்ததேயன்றிக் களங்கம் தீரவில்லை.

நவம்பர் 21 நண்பகலில் கட்டளை நீங்கியதை அறிவிக்கும் சங்கொலி எழுந்ததும் நகரத்தார் கவசங்களைக் கழற்றித் தெருவில் வீசினர். டிசம்பரில் நோய் மீண்டும் தலைதூக்கியது. ஹாஸ்லர் மறுபடியும் சட்டம் வேண்டினார். பண்டிகைக் கால வியாபாரம் கெடும் என்று வர்த்தகர்களும், இது தனிமனித சுதந்திரத்துக்கு விரோதம் என்று கிறிஸ்துவ விஞ்ஞான மார்க்கத்தினரும் ஆட்சேபிக்க, நகரசபை அதனை நிராகரித்தது. ஹாஸ்லரின் அலுவலகத்துக்கு வெடிகுண்டுப் பொதியொன்றும் வந்து சேர்ந்தது. ஜனவரி 10-ஆம் நாள் ஒன்றிலேயே 600 புதிய நோயாளிகள் பதிவானபின் நகரசபை மனம் மாறிற்று. ஜனவரி 17 முதல் கவசம் மீண்டும் கட்டாயமாயிற்று.

சங்கம் பிறந்தது இத்தருணத்தில்தான். அதன் தலைவி திருமதி ஈ. சி. ஹாரிங்டன் ஒரு வழக்கறிஞர். பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர். மேயரை நெடுநாளாகக் கண்டித்துவந்தவர். இத்தகைய ஒருவரை அறிவீனர் என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஜனவரி 25-இல் ட்ரீம்லாண்ட் ரிங்க் என்னும் சறுக்காட்ட மண்டபத்தில் அது கூட்டிய பொதுக்கூட்டத்துக்கு 4,500 பேர் வரை திரண்டனர் என்பர். முன்னாள் மேயரும் அப்போதைய நகரசபை உறுப்பினருமான யூஜீன் ஷ்மிட்ஸும், மருத்துவர் சிலரும் சங்கத்தை ஆதரித்தனர். சட்டத்தை நீக்குமாறு விண்ணப்பித்தால் போதும் என்று ஒரு சாராரும், ஹாஸ்லரைப் பதவியினின்றே அகற்றவேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதிட்டமையால் கூட்டத்தில் ஒருமை குன்றியது. எனினும் விண்ணப்பம் நகரசபையை அடைந்தது. நோய் தணிந்துவந்த நிலையில், பிப்ரவரி 1-இல் மேயர் பிரகடனம் ஒன்றினால் கட்டளையை நீக்கினார். நோக்கம் ஈடேறவே சங்கமும் ஓய்ந்தது.

அதற்குள் அந்நகரில் ஏறத்தாழ 45,000 பேர் நோயுற்று, 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். 1920-இல் கலிபோர்னியா சுகாதார இலாகாவின் டாக்டர் கெல்லாக் தம் சோதனைகளை வெளியிட்டபோது, நுண்துளிகளைத் தடுக்குமளவுக்குச் சல்லாவைப் பல மடிப்பாக்கினால் மூச்சுவிடுவது கடினமாகி, துணியின் ஓரங்கள் வழியே காற்று உட்புகுகிறது என்று கண்டார். கட்டாயச் சட்டங்கள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்றும் எழுதினார். கவசத்தை ஆதரித்த இலாகாவிலிருந்தே இம்முடிவு வெளிவந்தது. ஆனால், தொண்ணூற்றொன்பது பங்கு என்னும் வாக்குறுதியை நம்பிச் சல்லாத் துணி கட்டிக்கொண்டவர்களுக்கு அது மிகத் தாமதமாகவே வந்தது.