கடைசிப் போர்வீரரும் அவரது குடும்பமும்

முதல் உலகப் போரில் பங்கேற்றோருள் இறுதியாக எஞ்சியிருக்கும் முதியவரை நாடே திரண்டு வழியனுப்ப வேண்டும் என்ற எண்ணம், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அரசுகளிடையே வலுப்பெற்றது. அதற்கு முன்னோடியான மரபொன்று உண்டு. 1920 நவம்பர் 11 அன்று, யாரென்று அடையாளம் காண முடியாத ஒரு வீரரின் உடல் போர்க்களத்திலிருந்து எடுத்துவரப்பட்டு, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அரசர்களின் கல்லறைகளுக்கிடையே அடக்கம் செய்யப்பட்டது. ‘அறியப்படாத வீரர்’ எனப்பட்ட அவருக்குப் பெயரும் ஊரும் இல்லாததனாலேயே, மகனை இழந்த எந்தத் தாயும் அவரைத் தன் மகனாகக் கருத முடிந்தது. இந்தியாவில் பல ஊர்களில் பதிக்கப்பட்ட நினைவுக் கற்கள் எண்ணிக்கையோடு நின்றுவிட்டன. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டின் கல்வெட்டு, அவ்வூரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றதையும் அவர்களுள் 14 பேர் உயிர்நீத்ததையும் கூறுகிறதே தவிர, திரும்பி வந்து பிள்ளைகளைக் கரையேற்றி முதுமையடைந்தவர்களைப் பற்றி எதுவும் கூறவில்லை.

கடைசிப் போர்வீரரோ அறியப்படாத வீரரைப் போன்றவர் அல்லர். அவருக்குப் பெயர் இருந்தது; மனைவியும் மக்களும் இருந்தனர்; தம்மை எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்பது குறித்து உறுதியான கருத்தும் இருந்தது. பிரான்சின் இறுதி வீரருக்குத் தேசிய மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்த அந்நாட்டு அரசு முன்வந்தபோது, இத்தாலியில் பிறந்து பாரிசில் தம் சகோதரர்களுடன் தொழில் நிறுவனம் தொடங்கிய லசார் போந்திசெல்லி அதை மறுத்தார். எவ்வித மரியாதையுமின்றி மாண்ட தோழர்களை அது அவமதிப்பதாகும் என்பது அவரது வாதம். பின்னர், மாண்டவர் அனைவரின் பெயராலும் எளிய சடங்கொன்று நடத்த மட்டும் அவர் இசைந்தார்; 2008 மார்ச்சில் தம் 110ஆம் வயதில் மறைந்த அவர், குடும்பக் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் குழாய்ப் பணியாளராக வாழ்ந்த ஹாரி பேட்ச், 1917 செப்டம்பர் 22 அன்று தம் மூன்று தோழர்களைப் பலிகொண்ட குண்டுவெடிப்பைப் பற்றி நூறு வயதை எட்டும்வரை வாய் திறக்கவில்லை. 2009 ஆகஸ்டில் நடந்த அவரது இறுதிச் சடங்கில், அவர் விருப்பப்படியே, ஜெர்மானிய வீரர்களும் உடன் நின்றனர். சடங்குக்கான ஆயுதம்கூட எவர் கையிலும் இல்லை.

இவர்களுக்குப் பின் எஞ்சியவர், அப்போரில் களப்பணியாற்றிய இறுதி மனிதராக அறியப்படும் கிளாட் சூல்ஸ். 1901இல் இங்கிலாந்தின் பெர்ஷோரில் பிறந்த அவர் பதின்பருவத்திலேயே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, ‘ரிவெஞ்ச்’ என்ற போர்க்கப்பலில் பணியாற்றினார். 1918 நவம்பரில் ஜெர்மானியக் கடற்படை சரணடைந்ததையும், ஸ்காபா ஃப்ளோ என்னும் ஸ்காட்லாந்து விரிகுடாவில் காவலில் நிறுத்தப்பட்டிருந்த அதன் கப்பல்கள் 1919 ஜூன் 21 அன்று சொந்த மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்டதையும் நேரில் கண்டவர் அவர். பின்னர் ஆஸ்திரேலியக் கடற்படைக்கு மாறிய சூல்ஸ், இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் படையெடுத்தால் ஃப்ரீமாண்டில் துறைமுகத்தைத் தகர்ப்பதற்கான வெடிமருந்துப் பணிக்குப் பொறுப்பேற்றிருந்தார்.

இப்பணிக் குறிப்புகள் அரசு ஆவணங்களில் எளிதில் கிடைப்பவை. அவரது வாழ்வின் அச்சு வேறிடத்தில் இருந்தது என்பதற்கு அவர் குடும்பத்தாரின் கூற்றுகளே சான்று. சிறு வயதில் தாய் தம்மைப் பிரிந்து சென்ற துயரம் அவரை இறுதிவரை விட்டகலவில்லை என்றும், அதனாலேயே தம் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியான இல்லத்தை அமைத்துத்தர அவர் உறுதிபூண்டார் என்றும் அவருடைய மகள் கூறியுள்ளார். ஆஸ்திரேலியாவுக்கு வரும் கப்பலில் சந்தித்த எத்தலை மணந்து, எழுபது ஆண்டுகளுக்கு மேல் அவருடன் இல்லறம் நடத்தினார். மூன்று பிள்ளைகள் பிறந்தனர். எண்பது வயதைத் தொட்டபோது எழுத்துப் பயிற்சி வகுப்பொன்றில் சேர்ந்து, பிள்ளைகள் வற்புறுத்தியதால் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். வீட்டாருக்கென எழுதப்பட்ட அப்பக்கங்கள் 2009இல் நூலாயின. பிற்காலத்தில் போரை மேன்மைப்படுத்தும் எதையும் ஏற்காதவராகி, போரில் மாண்டோரை ஆஸ்திரேலியர் ஏப்ரல் 25 அன்று நினைவுகூரும் ஆன்சாக் நாள் அணிவகுப்புகளில் நடக்கவும் அவர் மறுத்தார். இரு போர்களின் கடற்பணியையும் கண்டவரின் இந்த மறுப்பை முதுமையின் பிடிவாதமாகக் கொள்வது பெரும்பிழையாகும். போர் எதை அழிக்கிறது என்பதை ஒரு வீட்டைக் கட்டிக் காத்தவரால் எளிதாக அளக்க முடியும்.

2011 மே 5 அன்று பெர்த் நகரில் 110 வயதில் சூல்ஸ் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியக் கடற்படை, துருப்புகளையும் தளவாடங்களையும் கரையிறக்கும் பெருங்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. படைக்கலம் ஒன்றின் பெயராக அவரை நிலைநிறுத்தியது அவரது பிற்கால நிலைப்பாட்டோடு பொருந்துவதாகத் தோன்றவில்லை. எனினும் 2020 ஜனவரியில், விக்டோரியா மாநிலத்தின் மல்லகூட்டா என்ற கடலோர ஊரைக் காட்டுத்தீ சூழ்ந்து சாலைகள் துண்டிக்கப்பட்டபோது, கரையில் சிக்கித் தவித்த ஏறத்தாழ ஆயிரம் பேரை, குழந்தைகளும் முதியோருமாக, மற்றொரு கலத்தின் துணையோடு மீட்டுச் சென்றது ‘சூல்ஸ்’ கப்பலே.