கல்லைத் துளைத்த கைகள்

பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையில் கடைசல் இயந்திரத்தின்முன் நிற்கும் தோழனே! உன் கைத்திறனுக்குக் கொங்கு மண்ணில் ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு என்கிறோம்.

நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் பல கட்டமாக நடந்த அகழாய்வுகள் எதைக் காட்டின? ஒரு தொழிற்கூடத்தை! அறுத்த கல், தேய்த்த கல், துளையிட்டும் முடிவுறாத மணி என வேலையின் ஒவ்வொரு படியும் அங்கே கிடைத்தது. காங்கேயத்தை அடுத்த படியூரின் பச்சைக்கல்லும், கூர்ச்சரத்திலிருந்து வந்ததாக அறிஞர் கருதும் சூதுபவளமும் அங்கே அணிமணிகளாயின. கொடுமணத்து நன்கலத்தைப் பதிற்றுப்பத்தும் பேசுகிறது.

அந்தப் பட்டறை ஊரின் பானை ஓடுகளிலேயே தமிழி எழுத்தில் பெயர்கள் நூற்றுக்கணக்கில்! உழைப்பவனுக்கு எழுத்தெதற்கு என்று பின்னாளில் தடுத்தோரே, இதற்கு விடை என்ன?

இன்றோ, கல் மோதிரம் அணிந்தால் விதி மாறும் என்று விற்கிறார்கள். கல்லையே மாற்றிய கை நம்முடையது; அதை நம்புவோம்!