யப்பானியர் போற்றிய தேநீர் நெறி

அன்றாடச் செயலொன்றையே உள்ளத்தைச் செம்மைப்படுத்தும் பயிற்சியாகக் கொண்ட நெறிகளுள் யப்பானியரின் தேநீர் நெறி தலைசிறந்ததாகும். எனினும், அது மடங்களின் அமைதியில் மட்டும் வளர்ந்ததன்று. போரும் செல்வமும் ஆட்சிச் செருக்கும் மலிந்த காலத்திலேயே முழுவடிவம் பெற்றது.

சீனத்திலே ஜென் பௌத்தம் பயின்று 1191ஆம் ஆண்டில் மீண்ட எய்சாய் என்னும் துறவி தேயிலை விதைகளைக் கொணர்ந்தார் என்பது மரபு. தியானத்தின்போது துயில் நீங்கும்பொருட்டுத் துறவியர் பருகிய அப்பானம், நாளடைவிற் பிரபுக்களின் மாளிகை புகுந்து, விலையுயர்ந்த சீனக் கலங்களைக் காட்டிப் பெருமைகொள்ளும் விருந்தாக மாறிற்று. பதினைந்தாம் நூற்றாண்டினரான முராத்தா ஜுக்கோ இப்போக்கினை மாற்ற முயன்றார். செருக்கும் தன்முனைப்புமே இந்நெறிக்குப் பெருந்தடை என, மாணாக்கர் ஒருவருக்கு அவர் எழுதியதாகக் கருதப்படும் கடிதம் கூறுகின்றது.

அவ்வழியை நிறைவுசெய்தவர், சக்காய்த் துறைமுகத்து வணிகர் குடியிற் பிறந்த சென் ரிக்கியூ (1522–1591) ஆவர். யமசாக்கியில் இன்றும் நிலவும் தைஆன் என்னும் தேநீரறை அவர் அமைத்தது என்பர். அதன் பரப்பு இரண்டு பாய் விரிக்கும் அளவே. இத்தகைய அறைகளின் வாயில் பெரும்பாலும் இரண்டடிக்குச் சற்றே மிகுந்த உயரமுடையது. படைத்தலைவனும் வாளை வெளியே வைத்து, முழந்தாளிட்டுத் தலைகுனிந்தே உட்புகுதல் வேண்டும். உள்ளே, பட்டுத்துணியை மடித்தல், கலத்தைத் துடைத்தல், அகப்பையால் வெந்நீர் முகத்தல், பச்சைத் தேயிலைப் பொடியைச் சிறு மூங்கில் மத்தினாற் கடைதல் ஆகிய யாவும் விரைவின்றி, முறை தவறாது நிகழும். விருந்தினனும் கிண்ணத்தின் முகப்பில் வாய் வையாது, அதனைச் சற்றுத் திருப்பியே பருகுவான். இணக்கம், மரியாதை, தூய்மை, அமைதி என்னும் நான்குமே இப்பயிற்சியின் குறிக்கோள்கள்.

ஆயின், ரிக்கியூ ஆசானாய் அமைந்தது, யப்பானை ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்த ஹிதெயோஷிக்கு. அவன் பொன்னால் வேய்ந்த தேநீரறையொன்றை அமைத்து, 1586இல் அரண்மனையிற் பேரரசர்முன் காட்டினான். மறு ஆண்டிற் கித்தானோவில் நடந்த பெருங்கூட்டத்துக்கோ, ஒரு கெண்டியும் கிண்ணமும் உடைய எளியோரையும் அழைத்தான். அவனே 1591இல் ரிக்கியூவைத் தற்கொலை செய்துகொள்ளுமாறு ஆணையிட்டான். தைத்தொக்குஜி மடத்து வாயின்மாடத்தில் ரிக்கியூவின் மரச்சிலை வைக்கப்பட்டமை காரணமாகக் கூறப்படினும், வரலாற்றாசிரியர் இதில் ஒருமித்த கருத்தினரல்லர். சிறுவாயிலிற் பன்முறை குனிந்து புகுந்தவனிடத்தும் செருக்கு அகலவில்லை என்பது மட்டும் தெளிவு. ரிக்கியூவும் அதிகாரத்தை முற்றும் விலக்கியவரல்லர். ஆட்சியாளனிடம் ஊதியமும் செல்வாக்கும் பெற்றவரே.

இவ்வுண்மையை உணர்ந்தவர்போலும், அவர்தம் பேரன் சோத்தான் (1578–1658) தாம் அரசப்பணி ஏலாது வறுமையில் வாழ்ந்தார். எனினும் தம் மைந்தர் பிரபுக்களிடம் பணிபெற முயன்றார். அம்மைந்தர் மூவர்வழி வந்த மூன்று இல்லங்கள் இன்றும் கியோத்தோவில் இந்நெறியைக் கற்பிக்கின்றன.

சடங்கு தானாகவே ஒருவனைப் பண்படுத்துவதில்லை. உடல் குனியும்போது உள்ளமும் உடன் குனிதல் வேண்டும். அதனை ஒவ்வொரு நாளும் புதிதாய்ப் பயிலவேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.