பணியிடத்திலும் பள்ளியிலும் போதைப்பொருள் சோதனை

பணியிட, பள்ளிப் போதைப்பொருள் சோதனை என்பது, தொழில்வழங்குனர்கள் தம் ஊழியர்களிடமும் வேலைக்கு விண்ணப்பிப்போரிடமும், கல்வி நிறுவனங்கள் தம் மாணவர்களிடமும் சிறுநீர், உமிழ்நீர், தலைமயிர் போன்ற மாதிரிகளைப் பெற்று, அவற்றில் போதைப்பொருட்களின் எச்சங்கள் உள்ளனவா என ஆராய்வதைக் குறிக்கும். 1980களில் ஐக்கிய அமெரிக்காவில் இந்நடைமுறை பரவலானது. இதைப் பற்றிய சட்ட வழக்குகளும் ஆய்வுகளும் அந்நாட்டிலேயே மிகுதி என்பதால், இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டு நிலையையே விளக்குகிறது. விளையாட்டுப் போட்டிகளில் நடத்தப்படும் ஊக்கமருந்துச் சோதனையும், குற்ற விசாரணையின்போது காவல்துறை மேற்கொள்ளும் சோதனையும் இதிலிருந்து வேறானவை.

இச்சோதனை வேண்டுமா என்ற விவாதம் பொதுவாகப் பாதுகாப்புக்கும் அந்தரங்க உரிமைக்கும் இடையிலான போட்டியாகக் கூறப்படுகிறது. அதற்கு முன் விடை காணவேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு: சோதனை எதை அளக்கிறது, அந்த அளவைக் கொண்டு எது முடிவு செய்யப்படுகிறது?

சோதனை வகைகள்

சோதனை எப்போது, எக்காரணத்தால் நடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்து அது பின்வருமாறு வகைப்படுத்தப்படுகிறது.

• வேலைக்கு முந்தைய சோதனை – பணி ஆணை வழங்குமுன் விண்ணப்பதாரரிடம் நடத்தப்படுவது.
• ஐயத்தின் பேரிலான சோதனை – ஒருவரின் நடத்தை, பேச்சு, தோற்றம் ஆகியவற்றில் காணும் அறிகுறிகளால் நடத்தப்படுவது.
• விபத்துக்குப் பிந்தைய சோதனை.
• எழுமாறான சோதனை – முன்னறிவிப்பின்றிக் குலுக்கல் முறையில் சிலரைத் தெரிவு செய்து நடத்தப்படுவது.
• பணிக்குத் திரும்புமுன் நடத்தப்படும் சோதனை – முன்பு தவறியவர் சிகிச்சை முடித்து வரும்போது நடத்தப்படுவது.

இவற்றுள் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளாவது எழுமாறான சோதனையே. இதில் சோதிக்கப்படுபவர் மீது எவ்வித ஐயமும் இருக்க வேண்டியதில்லை.

சோதனை முறை

அமெரிக்க நடுவண் அரசின் விதிகளின்படி நடக்கும் சிறுநீர்ச் சோதனை இரு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில், எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்தும் விரைவான, மலிவான சோதனை நடத்தப்படுகிறது. இதில் நேர்மறை முடிவு வந்தால் மட்டும், அதே மாதிரி வாயு வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவி போன்ற நுட்பமான கருவிகளால் மீண்டும் ஆராயப்படுகிறது. முதற்கட்டச் சோதனை ஒத்த அமைப்புடைய வேறு மூலக்கூறுகளைக் கண்டும் ஏமாறக்கூடியது. எடுத்துக்காட்டாக, சளி மருந்துகளில் உள்ள சூடோஎபெட்ரின், சில முதற்கட்டச் சோதனைகளில் ஆம்ஃபெட்டமின் போலத் தோன்றுவதுண்டு. இரண்டாம் கட்டம் குறித்த மூலக்கூறையே அடையாளம் காண்பதால் இப்பிழை பெரிதும் நீங்குகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரம்பளவு வரையறுக்கப்பட்டுள்ளது. அதற்குக் கீழிருந்தால் முடிவு எதிர்மறை எனக் கொள்ளப்படும். கஞ்சாவின் வளர்சிதைப் பொருளுக்கு முதற்கட்ட வரம்பு ஒரு மில்லிலீட்டருக்கு 50 நானோகிராம். உறுதிப்படுத்தும் கட்டத்தில் 15 நானோகிராம். அபின் வகைகளுக்கான வரம்பு 1998இல் 300 நானோகிராமிலிருந்து 2000 நானோகிராமாக உயர்த்தப்பட்டது. கசகசா சேர்த்த உணவை உண்டவர்களும் பழைய வரம்பில் சிக்கிக்கொண்டதே இதற்கு முதன்மைக் காரணம். 2023இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, கசகசாவைத் தவிர்க்குமாறு தன் படையினருக்கு அறிவுறுத்தியது.

நேர்மறை முடிவை மருத்துவ மீளாய்வு அலுவலர் ஒருவர் பரிசீலித்து, மருத்துவர் எழுதித் தந்த மருந்தால் அது ஏற்பட்டதா எனச் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டறிந்த பின்னரே நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். எனினும் இவ்விதிகள் நடுவண் அரசு ஊழியர்களுக்கும், போக்குவரத்து போன்ற சில துறைகளுக்குமே பொருந்தும். ஏனைய தனியார் நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் என்ன பாதுகாப்பு உண்டு என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

முடிவு எதைக் கூறுகிறது

சிறுநீர்ச் சோதனை பெரும்பாலும் போதைப்பொருளை நேரடியாக அளப்பதில்லை. உடல் அதனைச் சிதைத்தபின் வெளியேற்றும் எச்சத்தையே அளக்கிறது. எனவே ஒருவர் அண்மைக் காலத்தில் அப்பொருளை உட்கொண்டார் என்பதை அது காட்டும். சோதனையின்போது அவர் போதையில் இருந்தாரா, அவரது செயல்திறன் குறைந்திருந்ததா என்பதைக் காட்டாது.

கண்டறியக்கூடிய காலமும் பொருளுக்குப் பொருள் மாறுபடுகிறது. கோக்கைனின் எச்சம் பொதுவாகச் சில நாட்களில் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். கஞ்சாவின் எச்சம் கொழுப்புத் திசுவில் தங்குவதால், நாள்தோறும் பயன்படுத்தியவரிடம் நிறுத்திப் பல வாரங்களுக்குப் பின்னும் காணப்படலாம். தலைமயிர்ச் சோதனை ஏறத்தாழ மூன்று மாதப் பயன்பாட்டைக் காட்டவல்லது. இதனால், கடுமையான போதைப்பொருளை முந்தைய வாரம் எடுத்தவர் தேறுவதும், முந்தைய மாதம் கஞ்சாவை நிறுத்தியவர் தவறுவதும் நிகழக்கூடும். மதுவுக்கோ மூச்சுச் சோதனை உண்டு. அது குருதியில் அந்நேரத்தில் உள்ள மதுவின் அளவோடு நெருங்கிய தொடர்புடையது. கஞ்சாவுக்கு இதற்கு இணையான, பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல் இல்லை.

முதற்கட்டச் சோதனையை மட்டும் நம்புவதிலுள்ள இடரை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். 1000 ஊழியர்களில் 20 பேர் போதைப்பொருள் பயன்படுத்துவோர் எனவும், சோதனை இரு தரப்பாரிடமும் 95% சரியாக அமையும் எனவும் கொள்வோம். பயன்படுத்துவோரில் 19 பேர் பிடிபடுவர். பயன்படுத்தாத 980 பேரில் 5%, அதாவது 49 பேருக்கும் நேர்மறை முடிவு வரும். ஆக 68 நேர்மறை முடிவுகளில் 49 தவறானவை. பயன்படுத்துவோரின் விகிதம் குறையக் குறைய, தவறான முடிவுகளின் பங்கு கூடும். உறுதிப்படுத்தும் கட்டத்தைச் செலவு கருதித் தவிர்க்கும்போது, தவறிழைக்காதவர் வேலையை இழக்கும் வாய்ப்பு இவ்வாறே உருவாகிறது.

வரலாறு

பெருமளவிலான சோதனை முதலில் படைத்துறையில் தொடங்கியது. 1971இல் அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் அரசு, வியட்நாமிலிருந்து நாடு திரும்பும் படையினருக்குச் சிறுநீர்ச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 1981 மே மாதம் நிமிட்ஸ் என்ற வானூர்தி தாங்கிக் கப்பலின் தளத்தில் நிகழ்ந்த விபத்தில் 14 பேர் இறந்தனர். இறந்தோரில் சிலரின் உடலில் கஞ்சாவின் எச்சம் காணப்பட்டதை அடுத்துக் கடற்படையில் சோதனை கடுமையாக்கப்பட்டது.

1986 செப்டம்பரில் அதிபர் ரொனால்ட் ரேகன் பிறப்பித்த செயலாட்சி ஆணை, நடுவண் அரசின் பணியிடங்களுக்கு இதனை விரிவாக்கியது. 1987 ஜனவரி 4 அன்று மேரிலாந்தின் சேசு என்னுமிடத்தில் ஆம்ட்ராக் பயணிகள் தொடருந்து கான்ரெயில் நிறுவனத்தின் எஞ்சின்களோடு மோதியதில் 16 பேர் இறந்தனர். கான்ரெயில் எஞ்சின்களில் பணியிலிருந்தோர் கஞ்சா பயன்படுத்தியிருந்தமை சோதனையில் தெரியவந்தது. எச்சரிக்கை ஒலியெழுப்பி ஒட்டுநாடாவால் அடைக்கப்பட்டிருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. இவ்விபத்தின் தாக்கத்தால் 1991இல் இயற்றப்பட்ட சட்டம், தொடருந்து, வானூர்தி, சரக்குந்து முதலிய துறைகளில் பாதுகாப்போடு தொடர்புடைய ஊழியர்களுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 1988ஆம் ஆண்டின் போதைப்பொருளற்ற பணியிடச் சட்டம் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம், காரணமற்ற சோதனையிலிருந்து குடிமக்களைக் காக்கிறது. இக்காப்பு அரசுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் எதிரானது. தனியார் நிறுவனங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. உச்ச நீதிமன்றத்தின் முதன்மையான தீர்ப்புகள் வருமாறு:

• 1989, தொடருந்து ஊழியர் வழக்கு: விபத்துக்குப் பின் தனிநபர் மீது ஐயமின்றியே சோதிக்கலாம் என 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது.
• 1989, சுங்கத்துறை வழக்கு: போதைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் பணிக்கும் துப்பாக்கி ஏந்தும் பணிக்கும் செல்வோரைச் சோதிக்கலாம் என 5-4 என முடிவாயிற்று. சோதிக்கப்பட்ட 3,600 பேரில் ஐவரே தவறியிருந்தனர். தொடருந்து வழக்கில் சோதனையை ஏற்ற நீதிபதி ஆன்டனின் இசுக்காலியா, இங்கு உண்மையான சிக்கல் இருந்ததற்குச் சான்றில்லை என்றும், இது அடையாள நடவடிக்கையே என்றும் மாறுபட்டார்.
• 1995, வெர்னோனியா வழக்கு: ஒரிகன் மாநிலத்தில் ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவரின் பெற்றோர் சோதனைக்கு ஒப்புதல் தர மறுத்ததால், அவர் பள்ளிக் கால்பந்தாட்ட அணியில் சேர இயலவில்லை. விளையாட்டில் சேரும் மாணவரைச் சோதிக்கலாம் என 6-3 எனத் தீர்ப்பாயிற்று.
• 1997, ஜார்ஜியா வழக்கு: தேர்தல் வேட்பாளர்கள் சோதனைச் சான்று தரவேண்டும் என்ற மாநிலச் சட்டம், உண்மையான தேவை காட்டப்படாததால் 8-1 எனச் செல்லாததாக்கப்பட்டது.
• 2002, பொட்டவாட்டமி மாவட்ட வழக்கு: ஓக்லகோமாவில் பாடகர் குழு, இசைக்குழு போன்ற போட்டிச் செயற்பாடுகளில் சேரும் மாணவர் அனைவரையும் சோதிப்பது செல்லும் என 5-4 என முடிவாயிற்று. இத்தகைய மாணவரே போதைப்பொருளை நாடும் வாய்ப்புக் குறைந்தவர் என நீதிபதி ரூத் பேடர் கின்சுபர்க் தம் மாறுபட்ட தீர்ப்பில் சுட்டினார்.

இரு பள்ளி வழக்குகளிலும், முடிவுகள் காவல்துறைக்கு அளிக்கப்படுவதில்லை என்பது சோதனைக்குச் சாதகமாகக் கருதப்பட்டது.

ஆதரவு வாதங்கள்

• ஓட்டுநர், வானோடி போன்றோரின் ஒரு கணத் தவறு பலரின் உயிரைப் பறிக்கும். விபத்து நிகழும்வரை காத்திருக்க இயலாது.
• போதையின் அறிகுறிகளை மேலதிகாரி எப்போதும் கண்டுகொள்ள முடியாது. ஐயத்தை மட்டும் நம்பினால், விருப்பு வெறுப்பும் இனப் பாகுபாடும் புகுந்துவிடும். குலுக்கல் அனைவரையும் ஒரே நிலையில் வைக்கிறது.
• சோதிக்கப்படுவோம் என்ற எண்ணமே பயன்பாட்டைத் தடுக்கும். நண்பர்களின் வற்புறுத்தலை மறுக்க மாணவருக்கு அது ஒரு காரணமாகவும் அமையும்.
• அடிமையாதலைத் தொடக்கத்திலேயே கண்டு சிகிச்சைக்கு அனுப்ப உதவும்.

எதிர்ப்பு வாதங்கள்

• நேர்மறை முடிவு பணியிலிருந்தபோது திறன் குறைந்திருந்ததைக் காட்டாது. விடுமுறை நாளின் வாழ்க்கையையே தண்டிக்கிறது.
• பிறர் கண்காணிக்கச் சிறுநீர் தருவது தன்மதிப்பைப் பாதிக்கும். மாத்திரைகளைப் பற்றிய விசாரணை, ஒருவரின் நோயை வெளிப்படுத்தக்கூடும்.
• மாணவர், எளிதில் கண்டறியப்படாத பொருட்களுக்கோ மதுவுக்கோ மாறலாம்.
• விளையாட்டிலிருந்தும் கலைக்குழுக்களிலிருந்தும் விலக்கப்படும் மாணவர், தம்மைக் காக்கும் சூழலையே இழக்கிறார்.
• களைப்பு, உறக்கமின்மை, பழுதடைந்த கருவி ஆகியவையும் விபத்துக்குக் காரணமாகும். போதைப்பொருள் சோதனை இவற்றைக் காட்டாது.

பயன் குறித்த ஆய்வுகள்

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 76,000 மாணவர்களின் தரவுகளைக் கொண்டது. சோதனை நடத்தும் பள்ளிகளுக்கும் நடத்தாத பள்ளிகளுக்கும் இடையே போதைப்பொருள் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை அது காணவில்லை. 2010இல் அமெரிக்கக் கல்வித்துறையின் ஆய்வு நிறுவனம் 36 உயர்நிலைப் பள்ளிகளில் நடத்திய ஆய்வின்படி, சோதனைக்குரிய பொருட்களை முந்தைய 30 நாட்களில் பயன்படுத்தியதாகக் கூறியோர், சோதனை நடந்த பள்ளிகளில் 16%, நடக்காத பள்ளிகளில் 22%. எனினும், எதிர்காலத்தில் பயன்படுத்தும் எண்ணத்தில் மாற்றம் காணப்படவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல், போதிய சான்று இல்லாததால் பள்ளிகளில் இதனைப் பரவலாக நடைமுறைப்படுத்துவதை எதிர்த்தது.

பணியிடங்களைப் பொறுத்தவரை, குவெஸ்ட் டயக்னாஸ்டிக்ஸ் ஆய்வக நிறுவனத்தின் தரவுகளில் நேர்மறை விகிதம் 1988இல் 13.6% ஆகவும் 2023இல் 4.6% ஆகவும் இருந்தது. இது சோதனையின் வெற்றி என்பர் சிலர். பயன்படுத்துவோர் சோதனையுள்ள நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பதைத் தவிர்ப்பதாலும் இவ்விகிதம் குறையலாம் என்பதால், இதிலிருந்து மட்டும் முடிவு கூற இயலாது.

கஞ்சாச் சட்டங்களின் மாற்றம்

பல மாநிலங்கள் கஞ்சாவைச் சட்டப்பூர்வமாக்கிய பின், சட்டத்துக்கு உட்பட்ட செயலுக்காக வேலை மறுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. கஞ்சா நேர்மறை என்ற ஒரே காரணத்தால் விண்ணப்பதாரரை மறுப்பதை நெவாடா 2020 முதல், சில பணிகளுக்கு விலக்களித்துத் தடை செய்தது. கலிபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல், போதை தராத கஞ்சா எச்சத்தை மட்டும் காட்டும் சோதனையைக் கொண்டு பெரும்பாலான பணிகளில் நடவடிக்கை எடுக்க முடியாது. அமேசான் நிறுவனம் 2021இல், போக்குவரத்துத் துறை விதிகளுக்கு உட்படாத பணிகளுக்குக் கஞ்சாச் சோதனையைக் கைவிடுவதாக அறிவித்தது. மறுபுறம், வணிக வாகன ஓட்டுநர்களுக்கான எழுமாறான சோதனையின் குறைந்தபட்ச ஆண்டு விகிதம் 2020இல் 25 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

பிற நாடுகளில்

கனடாவின் உச்ச நீதிமன்றம் 2013இல் இர்விங் காகித ஆலை வழக்கில், ஊழியர்களிடம் எழுமாறாக மதுச் சோதனை நடத்தும் விதியை 6-3 எனத் தள்ளுபடி செய்தது. ஆலை ஆபத்தான பணியிடம் என்பது மட்டும் போதாது, அங்கு மதுப்பழக்கம் சிக்கலாக உள்ளது என்பதற்கும் சான்று வேண்டும் என அது கருதியது. 15 ஆண்டுகளில் எட்டு நிகழ்வுகளே பதிவாகியிருந்தன.

இந்தியாவில், வானோடிகள், வான்வழிக் கட்டுப்பாட்டாளர்கள் உள்ளிட்டோருக்கு எழுமாறான போதைப்பொருள் சோதனை 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2018 ஜூலையில் பஞ்சாப் மாநில அரசு, அரசு ஊழியர்களுக்கு ஆட்சேர்ப்பின்போதும் பதவி உயர்வின்போதும் சோதனை கட்டாயம் என ஆணையிட்டது. அலுவலக எழுத்தர் முதல் காவலர் வரை அனைவரையும் ஒன்றாக உட்படுத்தும் இத்தகைய ஆணைகளும், ஆபத்தான பணிகளுக்கு மட்டுமான வானூர்தித்துறை விதியும் தன்மையில் வேறுபட்டவை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையை வரம்பிடும் அரசு நடவடிக்கைக்குச் சட்ட அடிப்படை, நியாயமான நோக்கம், நோக்கத்துக்கு ஏற்ற அளவு ஆகியவை வேண்டும் என்பதால், இந்தியாவிலும் யாரை, எதற்காகச் சோதிப்பது என்ற கேள்வியே முதன்மை பெறுகிறது.

இவற்றையும் பார்க்க

• போதைப்பொருள்
• அந்தரங்க உரிமை
• ஊக்கமருந்து
• கஞ்சா
• தொழிலாளர் உரிமைகள்