43 லட்சத்து 20 ஆயிரம்: யுகக் கணக்கு சும்மா வந்ததா?



போன ஞாயிறு சமய வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், கலியுகம் 432,000 வருசம்னு சொல்றீங்க. யாராச்சும் சும்மா எழுதி வச்சதா?" நாங்கள் மூன்று தொண்டர்கள் இருந்தோம். ஒருவருக்கும் பதில் வரவில்லை. ஒளியின் வேகத்தோடு இந்த எண்ணை முடிச்சுப் போடும் வாட்ஸ்அப் செய்தியை நாங்களே போன வருடம் பகிர்ந்தோம். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை. அதுக்காகத்தான் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தோம்.

கலி 432,000. துவாபரம் அதைப்போல் இரண்டு மடங்கு, திரேதா மூன்று, கிருதம் நான்கு. மொத்தம் பத்து மடங்கு, அதாவது 4,320,000. இதுதான் மகாயுகம். குருக்கள் சங்கல்பத்தில் "கலியுகே பிரதமே பாதே" என்று சொல்வது கலியின் முதல் கால்பங்கை, அதாவது முதல் 108,000 வருடத்தை.

இந்த எண்ணை உடைத்துப் பார்த்தோம். 2ஐ எட்டு தடவை, 3ஐ மூன்று தடவை, 5ஐ நான்கு தடவை பெருக்கினால் வந்துவிடும். மீதி இல்லாமல் இதை வகுக்கும் எண்கள் 180 இருக்கு. 1 முதல் 10 வரை 7 மட்டும்தான் போகாது. பேக்டரியில் பெட்டி அடுக்குற எங்களுக்கு இது நல்லாப் புரியும். 12, 24, 60 என்று எப்படிப் பிரித்தாலும் மிச்சம் விழாத எண்தான் வேலைக்கு ஆகும். பாபிலோனியப் பூசாரி பெரோசஸ், வெள்ளத்துக்கு முந்தைய பத்து மன்னர்கள் ஆண்ட காலம் என்று இதே 432,000ஐ எழுதியிருக்கிறார். 60ஐ வைத்து எண்ணியவர்கள் அவர்கள். யார் யாரிடம் வாங்கியது என்ற சண்டை நமக்கு வேண்டாம்.

சோதிட நூலார்களுக்கு இவ்வளவு பெரிய எண் எதற்கு? அவர்கள் பின்னத்தை முழு எண்ணாக்கினார்கள். கி.பி. 499இல் 23 வயதான ஆரியபட்டர், ஒரு மகாயுகத்தில் சனி 146,564 சுற்று, குரு 364,224 சுற்று என்று கொடுத்தார். 4,320,000ஐ 146,564ஆல் வகுத்தால் 29.48 வருடம். அதை 12 ராசிக்குப் பிரித்தால் ஏறக்குறைய இரண்டரை வருடம். நாம் எள் தீபம் ஏற்றுற சனிப்பெயர்ச்சி இதுதான். குருவுக்கு 11.86 வருடம், ராசிக்கு ஒரு வருடம்.

அவரும் எல்லாவற்றையும் அப்படியே ஏற்கவில்லை. நான்கு யுகங்களையும் சமமாக, ஒவ்வொன்றும் 1,080,000 என்று பிரித்தார். பிரம்மகுப்தர் 628இல் அதற்காக அவரைக் கண்டித்தார். அப்பவே வாக்குவாதம்!

மகாயுகத்துக்கு அவர் தந்த நாட்கள் 1,577,917,500. இதை 4,320,000ஆல் வகுத்தால் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரையும் இதேதான். இன்றைய அளவில் சூரியன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. வித்தியாசம் வெறும் 3 நிமிடம் 20 விநாடி. தூரநோக்கி இல்லாத காலத்தில்!

ஆனால் அந்த 3 நிமிடம் சேர்ந்துகொண்டே போகும். 1,500 வருடத்தில் 5,000 நிமிடம். பையனிடம் இதைச் சொன்னோம். அவனே போனில் வகுத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், மூணரை நாள் தள்ளிப் போயிடுச்சே" என்றான். ஆமாம், போயிடுச்சு.

வரும் ஞாயிறு சந்திரன் கணக்கு: 57,753,336 சுற்று. பிள்ளைகளிடம் கால்குலேட்டர் கொடுத்து அனுப்புங்கள்.