பட்டைக் குறியீடு பிறந்த கதையும் நம் வீட்டுப் படத்தட்டுகளும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய பாட்டி நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறிய பின் மகனோடு இருக்கிறார். நான் போன நேரத்தில் இரண்டு பிஸ்கட் டின்களைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டின் நிறையப் படத்தட்டுகள். விசிடியும் டிவிடியுமாகக் கலந்து கிடந்தன. மகளின் கல்யாணத் தட்டைத் தேடிக்கொண்டிருந்தார். காலமாகிவிட்ட அவர் கணவர் நடந்து, பேசி, சிரிக்கிற காட்சி அந்த ஒரு தட்டில்தான் இருக்கிறதாம்.

“வாத்தியாரே, கடையிலே ஒரு சவுக்காரக் கட்டியைக் காட்டினா மிஷின் பேரையும் விலையையும் சொல்லுது. என் வீட்டுக்காரர் எந்தத் தட்டிலே இருக்காருன்னு எந்த மிஷினும் சொல்லாதா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் இன்றைய பேச்சு. கடையில் நாம் பார்கோடு என்று சொல்கிறோமே, அந்தப் பட்டைக் குறியீடு எப்படிப் பிறந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

1948ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டிரெக்சல் என்ற தொழில்நுட்பக் கல்லூரி. மளிகைக் கடைக்காரர் ஒருவர் அங்கே வந்து, கடைச் சாமான்களின் விவரத்தைப் பணம் வாங்கும் இடத்திலேயே தானாகப் படித்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கல்லூரித் தலைவர்களில் ஒருவரிடம் கேட்டார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற இளைஞரின் காதில் விழுந்தது. அவர் தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் சொன்னார். இருவரும் முதலில் புற ஊதா ஒளியில் மின்னும் மையைக் கொண்டு சோதித்தார்கள். மை மங்கிப் போனது; செலவும் அதிகம்.

உட்லண்ட் விடவில்லை. மயாமி கடற்கரைக்குப் போய்த் தங்கி யோசித்தார். சிறு வயதில் சாரணர் படையில் தந்திக் குறியீடு படித்தவர் அவர். புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் முறை அது. ஒரு நாள் மணலில் உட்கார்ந்து நான்கு விரல்களைப் பதித்துத் தம் பக்கமாக இழுத்தார். மணலில் நான்கு கோடுகள் விழுந்தன. புள்ளியையும் கோட்டையும் இப்படிக் கீழ்நோக்கி நீட்டினால் மெல்லிய பட்டையும் தடித்த பட்டையும் கிடைக்குமே என்று அவருக்குத் தோன்றியது. பட்டைக் குறியீடு பிறந்த இடம் அந்த மணல்.

சரி, எழுதியாயிற்று. படிப்பது எப்படி? இங்கேதான் சினிமா வருகிறது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் படச்சுருளின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு பட்டை ஓடும். அதன் வழியே விளக்கொளி போகும்போது வெளிச்சம் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கருவி ஒலியாக மாற்றும். உட்லண்ட் அதே முறையைக் கையாண்டார். 500 வாட் விளக்கும், சினிமா ஒலிக் கருவியில் பயன்பட்ட ஒளியுணர் குழலும் வைத்துத் தம் கோடுகளைப் படிக்க வைத்தார். 1949 அக்டோபரில் விண்ணப்பித்தார்கள். 1952 அக்டோபரில் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் பயன் உடனே கிட்டவில்லை. அந்த விளக்கு கக்கிய சூட்டில் காகிதம் புகையும். லேசர் ஒளி அப்போது பிறக்கவில்லை. அது 1960இல்தான் வந்தது. கடையில் வைக்கக்கூடிய மலிவான கணினியும் இல்லை. இருவரும் காப்புரிமையை 15,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். சில்வர் 1963இல் இறந்துபோனார். காப்புரிமையின் காலமும் 1969இல் முடிந்தது. விதை போட்டவர்களுக்கு அறுவடை கிடைக்கவில்லை.

பிறகு அமெரிக்க மளிகை வணிகர்கள் ஒன்றுகூடி, எல்லாக் கடைக்கும் ஒரே குறியீடு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பல நிறுவனங்கள் போட்டியிட்டன. வட்டம் வட்டமாக வரைந்த குறியீடு ஒன்றும் வந்தது. அச்சகத்தில் மை சற்று இழுபட்டாலும் வட்டம் கெட்டுப்போகும். ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் நேர்க்கோடுகளை அமைத்தார். கோடு ஓடும் திசையிலேயே மை இழுபட்டால் கோடு கொஞ்சம் நீளும், தடிமன் மாறாது. எளிய யோசனைதான், ஆனால் அதுவே வென்றது. 1973 ஏப்ரலில் அந்த அமைப்பை ஏற்றார்கள். 1974 ஜூன் 26ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில், ஒரு கடையில் முதல் பொருள் லேசர் கருவியின் முன் வைக்கப்பட்டது. அது 67 சென்ட் விலையுள்ள ஒரு கட்டு ரிக்லி சூயிங்கம்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். அந்தக் கோடுகளுக்குள் பொருளின் பெயரும் இல்லை, விலையும் இல்லை. இருப்பது வெறும் எண். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் 13 இலக்கங்கள். 955 என்று தொடங்கினால் அந்த எண்ணை மலேசியாவில் பதிந்து வாங்கினார்கள் என்று பொருள், இந்தியாவுக்கு 890. பொருள் அங்கேதான் செய்யப்பட்டது என்று அதனால் சொல்லிவிட முடியாது. கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். பிள்ளைகள் ஒரு பிஸ்கட் உறையை எடுத்துச் சோதிக்கலாம். இடப்புறமிருந்து 1, 3, 5 என்று 11 வரை ஒற்றை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டுங்கள். 2, 4, 6 என்று 12 வரை இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். இரண்டையும் சேருங்கள். 94 வந்தால், அடுத்த முழுப் பத்தான 100க்கு 6 குறைகிறது. கடைசி இலக்கம் 6 ஆகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் கருவி தப்பாகப் படித்திருக்கிறது.

எண்ணைப் படித்த கருவி, கணினியில் உள்ள பேரேட்டைப் பார்த்துத்தான் பெயர் சொல்கிறது. தோட்டத்தில் கிராணியின் கையில் இருந்த செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்த நாளும் சம்பளமும் அந்தப் புத்தகத்தில் பதிந்திருந்தால்தான் உண்டு. பேரேடு இல்லாத எண் ஊமை.

இந்த வசதி வீட்டுக்குள் எப்போது வந்தது? 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கியூகேட் என்ற பூனை வடிவக் கருவியை இலவசமாகவே கொடுத்தார்கள். பத்திரிகை விளம்பரங்களில் உள்ள குறியீட்டைப் படிக்கத்தான் அது. அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் அதை வாங்கியவர்களில் சிலர் தங்கள் புத்தகங்களுக்கு அட்டவணை போட அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2004இல் டெலிஷஸ் லைப்ரரி என்ற கணினிச் செயலி வந்தது. புத்தகம், படத்தட்டு ஆகியவற்றின் உறையைக் காமிராவுக்குக் காட்டினால், எண்ணைப் படித்து, இணையப் பேரேட்டில் தேடிப் படத்தின் பெயரைப் பதிந்துவிடும். இன்றைக்குக் கைப்பேசியே அந்த வேலையைச் செய்கிறது.

பாட்டியின் வீட்டிலும் அதைத்தான் செய்தோம். மாணவி ஒவ்வோர் உறையாகக் காட்டினாள். சில படங்களின் பெயர் உடனே வந்தது. சில பழைய தமிழ்ப் படங்கள் அந்தப் பேரேட்டில் இல்லவே இல்லை. பசார் மாலாமில் வாங்கிய தட்டுகளுக்கோ குறியீடே கிடையாது. கல்யாணத் தட்டும் அகப்படவில்லை. பிறகு, பெயர் தெரிந்த உறைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே பார்த்தோம். ஒரு சண்டைப் படத்தின் உறைக்குள்ளே அது இருந்தது. யாரோ பார்த்துவிட்டு மாற்றி வைத்திருக்கிறார்கள். கருவி பொய் சொல்லவில்லை. அது படித்தது உறையை, தட்டை அல்ல.

ஆகவே நேயர்களே, பாட்டியின் கேள்விக்கு விடை இதுதான். கடையில் விற்ற படத்துக்கு உலகமே எண் கொடுத்துப் பேரேடு எழுதி வைத்திருக்கிறது. அது தொலைந்தால் இன்னொன்று தேடிப் பிடித்துவிடலாம். நம் கல்யாணம், நம் தோட்டத்துக் கோயில் திருவிழா, இடித்துத் தள்ளப்பட்ட நம் லயத்து வீடு ஆகியவை உள்ள தட்டுக்கு ஒருவரும் எண் கொடுக்கவில்லை. தொலைந்தால் அவ்வளவுதான். அதற்குப் பேரேடு எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு தட்டின் உறையிலும் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். நோட்டில் அதே எண்ணுக்கு நேராக என்ன நிகழ்ச்சி, எந்த ஆண்டு, யார் யார் இருக்கிறார்கள், யார் இரவல் கொண்டுபோனார்கள் என்று பதியுங்கள். வீட்டில் பதிவு செய்த தட்டில் சாயப் பூச்சு ஒன்று உண்டு. வெயிலிலும் சூட்டிலும் அது கெட்டுப்போகும். படம் ஓடும்போதே பிள்ளைகளிடம் சொல்லி வேறொன்றில் நகல் எடுத்து வையுங்கள்.

அன்று மாலை அந்தத் தட்டைப் போட்டார்கள். தாத்தா பந்தலில் நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டி பேசவில்லை. படம் முடிந்ததும் பேத்தியைக் கூப்பிட்டு, “நோட்டிலே முதல் நம்பர் இதுக்குப் போடு” என்றார்.